நாலு பேர் படித்த புத்தகம்

கம்மாபுரத்தில் ஒரு வாசகி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலை நேற்று இரவு படித்து முடித்தார். புதிரை வண்ணார் குடும்பத்து ஆரோக்கியம் இன்னும் மனதைவிட்டுப் போகவில்லை. இதே மாதிரி மண்ணோடு ஒட்டிய இன்னொரு நாவல் வேண்டும். கையில் போன் இருக்கிறது. புத்தகம் பரிந்துரைக்கும் செயலி ஒன்றைத் திறந்து நாவலின் பெயரைத் தட்டுகிறார்.

அவருக்கு வரவேண்டிய விடைகளில் ஒன்று, பஸ் ஏறினால் போய்விடக்கூடிய தூரத்தில் பிறந்தது. விருத்தாசலத்தை அடுத்த மணக்கொல்லையைச் சேர்ந்த கண்மணி குணசேகரன் எழுதிய 'அஞ்சலை'. அதே நடுநாட்டு மண், அதே பேச்சு, பாடுபடும் பெண்ணொருத்தியின் வாழ்க்கை. இந்த வட்டாரத்து நூலகர் யாரிடம் கேட்டாலும் யோசிக்காமல் எடுத்துக் கொடுப்பார். செயலி அதைக் காட்டுமா? காட்டலாம், காட்டாமலும் போகலாம். இரண்டு நாவல்களையும் படித்துப் பார்த்து அது முடிவெடுப்பதில்லை. யார் யார் எதை எதைப் படித்தார்கள் என்று கணக்குப் போட்டு முடிவெடுக்கிறது. அந்தக் கணக்கு என்னவென்று தெரிந்துகொண்டால், செயலியை எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பது புரிந்துவிடும். காகிதமும் பென்சிலும் இருந்தால் போதும், நாமே போட்டுப் பார்க்கலாம்.

கணக்குக்குப் போகுமுன் கொஞ்சம் வரலாறு. 1979-இல் எலைன் ரிச் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர் 'கிரண்டி' என்ற மென்பொருளைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். பரிந்துரை மென்பொருள்களில் மூத்தது என்று பலரும் குறிப்பிடுவது இதைத்தான். அது பரிந்துரைத்தது சினிமாவை அல்ல, பாட்டை அல்ல, நாவலை. நூலகரைப் போல நடந்துகொள்ளும்படி அதை அமைத்திருந்தார் ரிச். உங்களைப் பற்றிச் சில வார்த்தைகளில் சொல்லுங்கள் என்று கேட்கும். சொன்ன வார்த்தைகளை வைத்து, இவர் அறிவுத்துறையில் நாட்டம் உள்ளவர், இவர் விளையாட்டுப் பிரியர் என்று ஒரு வகைக்குள் கொண்டுபோய் வைக்கும். அந்த வகையினருக்குப் பிடிக்கும் என்று முன்கூட்டியே குறித்துவைத்த நாவல்களிலிருந்து ஒன்றைச் சொல்லும். யோசனை நல்லது. ஆனால் வகைகளை முன்கூட்டியே எழுதிவைத்தவருக்குத் தெரியாத வாசகர் வந்தால் அங்கே இடமில்லை. நம் கம்மாபுரத்து வாசகியை எந்த வகையில் வைப்பது?

1990-களில் வழி மாறியது. வாசகரை வகைப்படுத்த வேண்டாம், அவரைப் போன்ற மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பார்த்தால் போதும் என்ற எண்ணம் வந்தது. 1992-இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வகத்தில் உருவான 'டேபெஸ்ட்ரி' என்ற மென்பொருளைப் பற்றிய கட்டுரையில்தான் 'கூட்டு வடிகட்டல்' என்ற பெயர் வந்தது. மின்னஞ்சல் வெள்ளத்தில் எது படிக்கத் தகுந்தது என்பதை, ஏற்கெனவே படித்தவர்களின் கருத்தை வைத்து வடிகட்டும் ஏற்பாடு அது. 1998 வாக்கில் அமேசான் இதைப் புத்தகக் கடைக்குக் கொண்டுவந்தது. அங்கே ஒரு சிக்கல். வாடிக்கையாளர்கள் லட்சக்கணக்கில். ஒருவரை மற்ற எல்லோரோடும் ஒப்பிட்டு அவரைப் போன்றவர்களைக் கண்டுபிடிப்பதற்குள் அவர் கடையைவிட்டே போயிருப்பார். கிரெக் லிண்டன், பிரெண்ட் ஸ்மித், ஜெரமி யார்க் மூவரும் தங்கள் தீர்வை 2003-இல் கட்டுரையாக எழுதினார்கள். ஆளோடு ஆளை ஒப்பிடாமல் புத்தகத்தோடு புத்தகத்தை ஒப்பிட்டார்கள். எந்தப் புத்தகத்தை வாங்கியவர்கள் வேறு எதை வாங்கினார்கள் என்ற பட்டியலை முன்கூட்டியே தயாரித்து வைத்துவிட்டால், வாசகர் வந்து கேட்கும்போது எடுத்துக் கொடுக்க நொடிகூட ஆகாது. இன்றும் 'இதை வாங்கியவர்கள் இதையும் வாங்கினார்கள்' என்று நீங்கள் பார்க்கும் வரிசைக்கு வேர் இதுதான்.

இனி கணக்கு. எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை.

செயலியில் 'கோவேறு கழுதைகள்' படித்ததாகப் பதிந்தவர்கள் 4 பேர். 'அஞ்சலை' படித்தவர்கள் 9 பேர். இரண்டையும் படித்தவர்கள் 3 பேர். 'பொன்னியின் செல்வன்' படித்தவர்கள் 100 பேர். 'கோவேறு கழுதைகள்' படித்த 4 பேரும் அதைப் படித்திருக்கிறார்கள். பொதுவாசகர்களை மட்டும் எண்ணினால் பொன்னியின் செல்வனுக்கு 4, அஞ்சலைக்கு 3. பொன்னியின் செல்வன்தான் ஜெயிக்கும். எந்தத் தமிழ் நூலின் பெயரைத் தட்டினாலும் அதுதான் ஜெயிக்கும், ஏனென்றால் அதை எல்லோரும் படித்திருக்கிறார்கள். எல்லோரும் படித்தது என்பதால் அது இந்த நாவலுக்கு நெருக்கமானது என்று ஆகிவிடாதே. ஆகவே புகழைக் கழிக்க வேண்டும். இரு நூல்களின் வாசகர் எண்ணிக்கையையும் பெருக்கி, அதன் வர்க்கமூலத்தால் பொதுவாசகர் எண்ணிக்கையை வகுக்கிறார்கள். அஞ்சலைக்கு: 4-ஐ 9-ஆல் பெருக்கினால் 36, வர்க்கமூலம் 6, மூன்றை ஆறால் வகுத்தால் 0.5. பொன்னியின் செல்வனுக்கு: 4-ஐ 100-ஆல் பெருக்கினால் 400, வர்க்கமூலம் 20, நான்கை இருபதால் வகுத்தால் 0.2. இப்போது அஞ்சலை முன்னால் வந்துவிட்டது. பள்ளிக் கணக்குதான். ஆனால் ஒரு பிரபலமான நூலின் நிழலிலிருந்து இன்னொரு நூலை வெளியே கொண்டுவருவதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கும் ஒரு குறை உண்டு. ஒரே ஒருவர் படித்த நூல் ஒன்று, ஒரே ஒருவர் படித்த இன்னொரு நூல், அந்த ஒருவர் ஒரே ஆள். வகுத்துப் பார்த்தால் விடை 1. அதாவது நூற்றுக்கு நூறு பொருத்தம். ஒருவர் ஒரு நாவலையும் ஒரு டி.என்.பி.எஸ்.சி. கைடையும் வாங்கினார் என்பதற்காக இரண்டும் உடன்பிறப்பாகிவிடுமா? நம் ஊர்களில் இது கற்பனை அல்ல. ஒரு குடும்பத்துக்கு ஒரு கணக்கு, ஒரு போன் நம்பர். அப்பா பெயரில் இருக்கும் கணக்கில் மகனின் கேட் தேர்வுப் புத்தகமும், மகளின் நாவலும், அம்மா கேட்ட சமையல் புத்தகமும் வாங்கப்படுகின்றன. செயலியின் கண்ணுக்கு அது விசித்திரமான ரசனை கொண்ட ஒரே மனிதர். எனவே குறைந்த ஆட்களை வைத்து வந்த விடையைக் குறைத்து மதிப்பிட வேண்டும். ஒரு வழி: பொதுவாசகர் எண்ணிக்கையை, அதோடு 10 கூட்டிய எண்ணால் வகுத்து, வரும் பின்னத்தால் முந்தைய விடையைப் பெருக்குவது. ஒருவர் மட்டும் சாட்சி சொன்ன ஜோடிக்கு 1-ஐ 11-ஆல் வகுத்து 0.09. அஞ்சலைக்கு 3-ஐ 13-ஆல் வகுத்து 0.5-ஆல் பெருக்கினால் 0.115. பொன்னியின் செல்வனுக்கு 4-ஐ 14-ஆல் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால் 0.057. வரிசை இப்போது நியாயமாக இருக்கிறது. அஞ்சலைதான் முதலிடம்.

இங்கேதான் தமிழ்ப் புத்தகத்துக்கு உரிய கஷ்டம் வருகிறது. அந்த 9 பேரும் ஒரே பதிவின்கீழ் இருந்தால்தானே 9? ஒருவர் தமிழ் எழுத்தில் தேடிச் சேர்த்தார். இன்னொருவர் ஆங்கில எழுத்தில் 'அஞ்சலை' என்று அடித்து, கிடைக்காமல், புதிதாக ஒரு பதிவு போட்டார். மூன்றாமவர் இன்னொரு பதிப்பை அதன் ஐ.எஸ்.பி.என். எண்ணோடு சேர்த்தார். நூல் ஒன்று, பதிவு மூன்று. ஒவ்வொன்றிலும் 3 வாசகர்கள், ஒவ்வொன்றிலும் 1 பொதுவாசகர். இப்போது ஒவ்வொரு பதிவுக்கும்: 4-ஐ 3-ஆல் பெருக்கினால் 12, வர்க்கமூலம் ஏறத்தாழ 3.46, ஒன்றை அதனால் வகுத்தால் 0.29. அதை 11-இல் ஒரு பங்காக்கினால் 0.026. பொன்னியின் செல்வனின் 0.057-ஐவிடக் கீழே போய்விட்டது. வாசகர் யாரும் குறையவில்லை, ரசனை மாறவில்லை, நாவலில் ஒரு வரிகூட மாறவில்லை. பெயரை எழுதிய விதம் மாறியதால் ஒரு நல்ல நாவல் வரிசையிலிருந்து காணாமல் போய்விட்டது. தமிழில் பரிந்துரை சரியில்லை என்று அலுத்துக்கொள்கிறவர்கள் 0.115, 0.026 என்ற இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்க்க வேண்டும்.

பெரும் புகழ் பெற்ற நூல்களும் இப்படிச் சிதறத்தான் செய்கின்றன. கல்கியின் நூல்கள் நாட்டுடைமை ஆக்கப்பட்டவை. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்கள். ஒவ்வொரு பதிப்பகமும் தனித்தனியாகவும் ஒரே கட்டாகவும் போடுகிறது. ஆங்கில எழுத்தில் அந்தத் தலைப்பை எத்தனை விதமாக எழுதலாம் என்று நீங்களே எழுதிப் பாருங்கள். ஆனால் நூறு பேர் படித்த நூல் பத்தாகப் பிரிந்தாலும் பத்துப் பத்துப் பேர் மிஞ்சுவார்கள். ஒன்பது பேர் படித்த நூல் மூன்றாகப் பிரிந்தால் அதோடு முடிந்தது. சேதம் எப்போதும் சின்ன நூலுக்குத்தான்.

சரியாக எண்ணினால் என்ன நடக்கும் என்பதற்கு உலகம் அறிந்த ஒரு உதாரணம் உண்டு. ஜோ சிம்ப்சன் என்ற பிரிட்டிஷ் மலையேறி, பெரு நாட்டு ஆண்டீஸ் மலையில் செத்துப் பிழைத்த கதையை 'டச்சிங் தி வாய்டு' என்ற நூலாக 1988-இல் எழுதினார். வரவேற்பு இருந்தது, பிறகு மறக்கப்பட்டது. 1997-இல் ஜான் கிராக்கவர், எவரெஸ்ட் விபத்தைப் பற்றி எழுதிய 'இன்டு தின் ஏர்' பரபரப்பாக விற்றது. அதை வாங்க அமேசானுக்குப் போனவர்களுக்குச் சிம்ப்சனின் பழைய நூலும் பக்கத்தில் தெரிந்தது. வாங்கினார்கள், படித்தார்கள், பாராட்டி எழுதினார்கள், இன்னும் பலர் வாங்கினார்கள். மறந்துபோன நூல் அதிகம் விற்கும் நூல்களின் பட்டியலில் ஏறியது. 2004-இல் கிறிஸ் ஆண்டர்சன் 'நீண்ட வால்' என்ற தன் புகழ்பெற்ற கட்டுரையைத் தொடங்கியது இந்தக் கதையோடுதான். பிரபலமான சில நூல்கள் தலை. ஒவ்வொன்றும் கொஞ்சமாக விற்கும் லட்சக்கணக்கான நூல்கள் வால். இணையக் கடையில் வாலுக்கும் இடம் உண்டு என்பது அவர் வாதம். தமிழ் இலக்கியத்தில் பெரும்பகுதி வாலில் இருக்கிறது என்பதை நினைத்தால், இந்த வாதம் நமக்கு எவ்வளவு முக்கியம் என்பது தெரியும்.

ஆனால் அதே வண்டி எதிர்த்திசையிலும் ஓடும். 2006-இல் மாத்யூ சால்கனிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 'சயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பெயர் தெரியாத குழுக்களின் 48 பாடல்கள். 14,000-க்கும் மேற்பட்டவர்கள் கேட்டார்கள். ஒரு பகுதியினருக்குப் பாடலின் பெயரும் குழுவின் பெயரும் மட்டும் தெரியும். மற்றவர்கள் எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரிக்கப்பட்டார்கள். ஒவ்வொரு உலகத்திலும் இதுவரை எத்தனை பேர் எந்தப் பாடலைத் தரவிறக்கினார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். முடிவு வியப்பானது. எட்டு உலகங்களிலும் வெவ்வேறு பாடல்கள் முன்னுக்கு வந்தன. மிக நல்ல பாட்டு அடிமட்டத்துக்குப் போவதும், மிக மோசமான பாட்டு உச்சிக்குப் போவதும் அரிது. இடையில் இருந்தவற்றுக்கு எந்த முடிவும் சாத்தியமாக இருந்தது. தொடக்கத்தில் தற்செயலாக நாலு பேர் கேட்ட பாட்டை, நாலு பேர் கேட்டார்கள் என்பதாலேயே நாற்பது பேர் கேட்டார்கள். செயலி காட்டுவதால் படிக்கப்படும் நூல், படிக்கப்படுவதால் மீண்டும் காட்டப்படுகிறது. காட்டப்படாத நூல் அப்படியே கிடக்கிறது. இந்தச் சுழற்சியை உடைக்க, அவ்வப்போது அதிகம் அறியப்படாத நூல் ஒன்றையும் துணிந்து காட்டிப் பார்க்க வேண்டும் என்று மென்பொருள் வல்லுநர்களே சொல்கிறார்கள். விற்பனை குறையுமே என்ற பயத்தில் நிறுவனங்கள் இதை அளந்து அளந்துதான் செய்கின்றன.

வாசகர்களை எண்ணாமல் நூலையே படித்துப் பரிந்துரைக்க முடியாதா? முடியும். நூலில் வரும் சொற்களை எண்களாக மாற்றி, எந்த நூலின் எண்கள் எதற்கு அருகில் இருக்கின்றன என்று பார்க்கலாம். 2013-இல் கூகுளைச் சேர்ந்த தாமஸ் மிகோலோவ் குழு வெளியிட்ட 'வேர்டுடுவெக்' முறைக்குப் பிறகு இந்த வழி வேகம் பிடித்தது. ஒரு சொல்லுக்கு அக்கம்பக்கத்தில் எந்தச் சொற்கள் வருகின்றன என்பதை வைத்து அதன் பொருளை ஊகிக்கும் முறை இது. தமிழில் வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டிலிருந்தபடியே என்று ஒரு சொல் பல வடிவம் எடுக்கும். சொல்லைத் துண்டு துண்டாகப் பிரித்துப் படிக்கும் உத்திகள் வந்தபின் இந்தச் சிக்கல் பாதி தீர்ந்தது. தீராத சிக்கல் வேறு: படிப்பதற்கு நூல் வேண்டுமே. 1998 பொங்கலன்று, சுவிட்சர்லாந்தில் வாழும் கு. கல்யாணசுந்தரம் முன்னின்று தொடங்கிய மதுரைத் திட்டத்தின் தயவால் சங்க இலக்கியமும் பாரதியும் கல்கியும் இணையத்தில் எழுத்து வடிவில் இருக்கின்றன. இன்று எழுதுகிறவர்களின் நாவல்கள் காப்புரிமைக்கு உட்பட்டவை. அச்சில் இருக்கின்றன, பொதுவெளியில் இல்லை. பல தமிழ் நூல்களுக்கு இணையக் கடைகளில் பின்னட்டைக் குறிப்புகூட ஏற்றப்படுவதில்லை. பெயர், விலை, பக்கம், அவ்வளவுதான். கண்மணி குணசேகரன் 'நடுநாட்டுச் சொல்லகராதி' என்று ஒரு அகராதியே தொகுத்திருக்கிறார். அதில் உள்ள சொற்கள்தான் கம்மாபுரத்து வாசகியை அந்த நாவல்களோடு கட்டிப்போடுபவை. அச்சில் மட்டும் இருக்கும்வரை அவை கணினியின் காதில் விழப்போவதில்லை.

இப்போது பலரும் நேரே சாட்ஜிபிடி போன்ற உரையாடல் மென்பொருள்களிடம் கேட்டுவிடுகிறார்கள். இமையம் மாதிரி எழுதும் வேறு யார் என்று தமிழிலேயே கேட்கலாம்; தமிழிலேயே பதில் வரும். இதில் எனக்கு உண்மையான கவலை உண்டு. இவை அடுத்து வரக்கூடிய சொல்லை ஊகித்து ஊகித்து வாக்கியம் அமைப்பவை. ஒரு எழுத்தாளர் பெயருக்குப் பின்னால், அவர் எழுதியிருக்கக்கூடிய மாதிரி ஒரு தலைப்பைப் பொருத்திவிடும். அப்படி ஒரு நூல் இருக்கவே இருக்காது. 2025 மே மாதம் 'சிகாகோ சன்-டைம்ஸ்' நாளிதழின் இணைப்பில் கோடைக்காலத்துக்கு 15 நூல்கள் என்று பட்டியல் வந்தது. அவற்றில் 10 நூல்கள் எழுதப்படவே இல்லை. எழுத்தாளர்கள் எல்லோரும் நிஜம். தலைப்பும் கதைச்சுருக்கமும் மென்பொருள் இட்டுக்கட்டியவை. ஆங்கிலத்திலேயே இந்தக் கதி என்றால், படிப்பதற்குக் குறைவாகவே கிடைத்த தமிழில் எச்சரிக்கை இரண்டு பங்கு வேண்டும். அது சொல்லும் நூலை எந்தப் பதிப்பகம் வெளியிட்டது என்று தனியாகத் தேடி உறுதி செய்துகொள்ளாமல் அலையாதீர்கள். பெயர்களை நினைவுபடுத்திக்கொள்ள அது உதவும். சாட்சியாக வைத்துக்கொள்ள உதவாது.

நூலையும் வாசகரையும் சேர்த்துவைப்பது பற்றிக் கணினிக்கு முன்பே யோசித்தவர் ஒருவர் நம் பக்கத்தில் உண்டு. நெய்வேலியிலிருந்து தெற்கே கொள்ளிடத்தைத் தாண்டினால் சீர்காழி. 1892-இல் அங்கே பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆனவர். 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக எழுதினார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல் என்பது இரண்டாம் விதி. ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பது மூன்றாம் விதி. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது நான்காம் விதி. இன்றைய செயலிகள் நான்காம் விதியை அபாரமாக நிறைவேற்றுகின்றன. இரண்டாம் விதியை ஓரளவு. மூன்றாம் விதியைப் பற்றி அவை கவலைப்படுவதே இல்லை, ஏனென்றால் வாசகர் கிடைக்காத நூல் புகார் செய்ய வராது. அதே 1931-இல் மன்னார்குடிக்கு அருகே மேலவாசலில் கனகசபைப் பிள்ளையின் முயற்சியால் மாட்டுவண்டியில் நூலகம் புறப்பட்டது. ஊர் ஊராகப் போய், அந்தந்த ஊருக்கு ஏற்ற புத்தகத்தைக் கையில் கொடுத்துவிட்டு வந்தது. மூன்றாம் விதியைக் காப்பாற்ற யாராவது ஒருவர் நூலின் பக்கம் நின்று மெனக்கெட வேண்டும் என்பதை அந்தத் தலைமுறை புரிந்துவைத்திருந்தது.

இன்று அந்த மெனக்கெடலை நம் பொதுநூலகங்கள் செய்ய முடியும். 1948-இல் வந்த பொதுநூலகச் சட்டத்தின் பயனாக மாவட்ட அளவில் நூலக ஆணைக்குழுக்கள் இருக்கின்றன. நாம் வீட்டு வரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். கிளை நூலகங்களிலும் ஊர்ப்புற நூலகங்களிலும் நாள்தோறும் நூல்கள் இரவல் போகின்றன. யார் எதை எதோடு எடுத்துப் படித்தார்கள் என்ற தடம் அது. காசு கொடுத்து வாங்க முடியாதவரின் வாசிப்பும் அதில் பதிவாகிறது என்பதால், எந்த வணிகச் செயலியின் கணக்கையும்விட அது நேர்மையானது. இங்கிலாந்தில் ஹடர்ஸ்ஃபீல்டு பல்கலைக்கழக நூலகம் இதைச் செய்து காட்டியது. தன் இரவல் பதிவுகளிலிருந்து, இதை எடுத்தவர்கள் இவற்றையும் எடுத்தார்கள் என்று நூல் பட்டியலிலேயே காட்டியது. 2008-இல், ஆட்களின் அடையாளத்தை நீக்கிவிட்டு அந்தத் தரவை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. கடலூர் மாவட்ட நூலகங்களின் இரவல் பதிவுகளை இப்படிச் சேர்த்து எண்ணினால், நான் மேலே போட்ட கணக்கில் 9 இருந்த இடத்தில் எத்தனை பெரிய எண் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடையாளத்தை நீக்குவது மட்டும் லேசான வேலை அல்ல. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006-இல், தன் பரிந்துரையின் துல்லியத்தை 10 சதவீதம் உயர்த்துபவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று அறிவித்து, பெயர் நீக்கிய சுமார் 10 கோடி மதிப்பெண்களை வெளியிட்டது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் நாராயணனும், விட்டாலி ஷ்மாட்டிகோவும் அந்தத் தரவை, ஐ.எம்.டி.பி. தளத்தில் வெளிப்படையாக இருந்த விமரிசனங்களோடு ஒப்பிட்டு, சில ஆட்களை அடையாளம் காண முடியும் என்று நிரூபித்தார்கள். ஒருவர் மதிப்பெண் கொடுத்த சில படங்கள், கொடுத்த தேதிகளோடு தெரிந்தாலே போதுமாக இருந்தது. 2009-இல் பரிசு கொடுக்கப்பட்டது. இரண்டாவது போட்டி நடத்தும் திட்டம் 2010-இல் கைவிடப்பட்டது. ஒரு சிற்றூரில் ஒரு குறிப்பிட்ட நூலை எடுத்தவர் ஒரே ஒருவராக இருந்தால், பெயரை நீக்கி என்ன பயன்? ஆகவே நூலகத் தரவை வெளியிடும்போது ஊர் அளவில் வெளியிடக்கூடாது, மாவட்ட அளவில் சேர்க்க வேண்டும். குறைந்த பேர் எடுத்த ஜோடிகளை மறைக்க வேண்டும். ஒருவர் என்ன படிக்கிறார் என்பது அவர் சொந்த விஷயம்.

கணக்குக்கு அப்பாற்பட்ட ஒரு வழியும் நம் வட்டாரத்தில் இருக்கிறது. 1998-இல் என்.எல்.சி. நிறுவனம் நெய்வேலியில் புத்தகக் கண்காட்சி நடத்தத் தொடங்கியது. பெருநகரத்துக்கு வெளியே, பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய ஒரு நகரியத்தில் இப்படி ஒன்று வேர் பிடித்தது பெரிய காரியம். 11-ஆம் வட்டத்து லிக்னைட் ஹாலுக்குள் நுழைந்தால் பெரிய பதிப்பகமும் சின்னப் பதிப்பகமும் அடுத்தடுத்த கடை. யாரும் வாங்காத நூலும் மேசைமேல் முகம் காட்டிக் கிடக்கும். நாலு பக்கம் நின்று படித்துப் பார்க்கலாம். இமையம் தேடி வந்தவரிடம், இதையும் பாருங்கள் என்று கடைக்காரர் பக்கத்து நூலை எடுத்து நீட்டுவார். மென்பொருள் வல்லுநர்கள் துணிந்து செய்யச் சொல்லும் சோதனை அங்கே தானாக நடக்கிறது. கண்காட்சியில் பெயரைக் குறித்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து செயலியில் அந்தப் பெயரிலிருந்து தேடலைத் தொடங்குவது நான் எல்லோருக்கும் சொல்லும் முறை. தொடங்கும் நூல் அரிதாக இருந்தால் வரும் விடையும் அரிதாக இருக்கும். பொன்னியின் செல்வனில் தொடங்கினால் பொன்னியின் செல்வனைச் சுற்றியே வருவீர்கள்.

செயலிகளைப் பற்றி ஒன்றிரண்டு குறிப்பு. குட்ரீட்ஸ் 2007 முதல் இருக்கிறது, 2013-இல் அமேசான் வாங்கிவிட்டது. தமிழ் வாசகர்கள் அதிகம் இருப்பதால் தமிழுக்கு இப்போதைக்கு அதுவே பயன்படும். அங்கே பரிந்துரை வரிசையைவிட, உங்கள் ரசனையோடு ஒத்துப்போகும் ஒரு வாசகரின் அலமாரியைத் திறந்து பார்ப்பது நல்ல பலன் தரும். நாடியா ஓடுனாயோ உருவாக்கிய ஸ்டோரிகிராஃப், நூலின் மனநிலை, வேகம் இவற்றை வைத்துத் தேட விடுகிறது. எந்தச் செயலியானாலும் வீட்டில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை சொன்ன கணக்கில் வாசகர்கள் கையில் இருப்பது ஒரு பெரிய பலம். ஒரே ஒரு வாசகர் கூடினால், ஏராளமானோர் படித்த ஆங்கில நூலுக்கு ஒன்றும் ஆகாது; 9 பேர் 10 பேர் ஆகும் தமிழ் நூலுக்கு ஆகும். நீங்கள் கடைசியாகப் படித்த தமிழ் நூலைச் செயலியில் தேடுங்கள், தமிழ் எழுத்தில் ஒருமுறை, ஆங்கில எழுத்தில் ஒருமுறை. இரண்டு பதிவு தெரிந்தால் இணைக்கச் சொல்லி எழுதுங்கள். குட்ரீட்ஸில் இதற்கென்றே தன்னார்வ நூலகர்கள் இருக்கிறார்கள், நீங்களே அப்படி ஒருவராகச் சேர விண்ணப்பிக்கலாம். பதிவே இல்லை என்றால், ஆசிரியர் பெயர், பதிப்பகம், ஆண்டு, ஐ.எஸ்.பி.என். எண் எல்லாம் சரியாகக் குறித்து ஒன்றைத் தொடங்குங்கள், அல்லது தொடங்கச் சொல்லிக் கேளுங்கள். பிடித்திருந்தால் மதிப்பெண் கொடுங்கள், ஏன் பிடித்தது என்று தமிழில் நாலு வரி எழுதுங்கள். பிரபலமான நூலுக்கு உங்கள் ஓட்டு அவ்வளவாகத் தேவையில்லை. உங்கள் ஊர்க்காரர் எழுதி, நாலு பேர் மட்டும் படித்த நூல் ஒன்று இருக்குமே, அதற்கு முதலில் போடுங்கள்.